நாலு அங்குலக் காற்று

திருவனந்தபுரம் வலியசாலை அக்கிரகாரத்தில் யார் வீட்டில் சங்கீத ரசிகர் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கக் காதைத் தீட்ட வேண்டாம். யார் வீட்டுக்கு ஆசாரி அடிக்கடி வந்து போகிறார் என்று பார்த்தால் போதும்.

காந்தளூர் மகாதேவர் கோவிலைச் சுற்றிய இந்த வீடுகளுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது. ஒருத்தர் வீட்டுச் சுவர்தான் அடுத்தவர் வீட்டுக்கும் சுவர். ஏஜீஸ் ஆபீஸில் ஓய்வு பெற்ற ஒரு மாமாவுக்கு ஹை-ஃபை ஆசை வந்தால், அதற்கிருக்கும் ஒரே இடம் கூடத்துச் சுவரலமாரி. அதிலிருந்த கொலு பொம்மைகள் அன்றைக்கே பரணுக்கு அகதிகளாகப் போய்விடும்.

அப்புறம் அளவு நாடா. ஆம்ப்ளிஃபையர் என்றால் அநேகமாக 43 சென்டிமீட்டர் சொச்சம் அகலம். 1920-களில் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனிக்காரன் தன் கருவிகளை மாட்ட 19 அங்குலச் சட்டம் ஒன்றை வகுத்தான், அதற்குள் நுழைகிற அகலம் இது என்று மாமா பால்காரரிடம்கூட விளக்குவார். அலமாரியின் அகலமோ 42. ராஜராஜ சோழன் காந்தளூர்ச் சாலையில் எதை அறுத்தான் என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். மாமா அறுத்தது எது என்பதில் கருத்து வேறுபாடே இல்லை: அலமாரியின் இடது பக்கச் சட்டம்.

பெட்டி உள்ளே போயிற்று. பின்னால் ஒயர் என்று ஒன்று உண்டு என்பது அப்போதுதான் ஞாபகம் வரும். பிளக்கும் அதன் வளைவும் ஆறேழு சென்டிமீட்டர் கேட்கும். கொடுத்தால் வால்யூம் குமிழ் முன்னால் மூக்கை நீட்டும், கதவு சாத்தாது. சுவரைத் துளைக்கலாமா? ஆசாரி தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சாமீ, இதின்றெ அப்புறம் அவருடெ பூஜாமுறியா.” கதவைக் கழற்றி வைத்தார்கள்.

ஸ்பீக்கர் தனிக் கதை. பின்பக்கம் துளையுள்ள ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டித் தள்ளினால் மிருதங்கத்தின் தொப்பி பொம்மென்று வீங்கிவிடும். அடுத்த வீட்டுப் பூஜை மணி தானாக ஆடுகிறதாம். “ஓய், தீபாராதனை காட்டறச்சே மட்டும் போடும். எங்களுக்கும் ஒரு கை மிச்சம்” என்றார் அந்த வீட்டுக்காரர்.

நவராத்திரி மண்டபத்துக் கச்சேரிக்கு மாமா தவறாமல் போவார். கைதட்டக் கூடாத சபை. 2006-ல் பாறசாலை பொன்னம்மாள் அங்கே பாடிய முதல் பெண்ணாக அமர்ந்ததைப் பற்றிக் கேளுங்கள். எந்தத் தூணோரம் உட்கார்ந்தால் குரல் தெளிவாக விழும் என்று சொல்வார். என்ன பாடினார் என்பதற்கு மாமியைத்தான் கேட்க வேண்டும்.

வாங்கியது ‘கிளாஸ் ஏ’ ஆம்ப்ளிஃபையர். பாடினாலும் பாடாவிட்டாலும் அது ஒரே அளவு கரண்ட் குடிக்கும். முக்கால்வாசிக்கு மேல் சூடாகவே வெளியே போகும். அதனால் தலைக்கு மேல் நாலு அங்குலம் காலியிடம், பக்கத்தில் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய குட்டி ஃபேன். அடுக்களைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்டு அலுத்துப்போன மாமி அதை முறைத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

இடவப்பாதி வந்தது. மோர்மிளகாய் அரைகுறையாகக் காய்ந்த நிலையில் மழை பிடித்துக்கொண்டது, தீப்பெட்டிகூடப் பற்றவில்லை. அந்த நாலு அங்குலத்தில் ஒரு எவர்சில்வர் தாம்பாளம் கச்சிதமாக நுழைகிறது என்பதைக் கண்டுபிடித்தவள் மாமி. அதற்கு அளவு நாடா தேவைப்படவில்லை.

இப்போது சாயங்காலமானால், “ஏன்னா, அந்தப் பெட்டியச் சித்தப் போடுங்கோளேன்” என்று அடுக்களையிலிருந்து குரல் வருகிறது. மாமா முகம் மலர்ந்து எழுந்திருக்கிறார். “செம்மங்குடியா, ஜி.என்.பி.யா?”

“பாட்டெல்லாம் ஒண்ணும் வேண்டாம். சூடு வந்தாப் போறும்.”