வேகம் வரும்வரை: வில்லியனூர், பாகூர் வாடிக்கையாளருக்கு ஒரு பொறுமைக் கையேடு

வீட்டு நெட்டை 40 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 200-க்கு ஏற்றித் தருகிறோம் என்று கம்பெனி சொன்னது. நீங்களும் நம்பி, மூன்று மாதப் பணத்தைச் சேர்த்துக் கட்டிவிட்டீர்கள். பணம் போன வேகத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பில் வாத்தியார் இன்னும் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறார்.

பதற வேண்டாம். இந்தக் கையேடு உங்களுக்காகவே. பாண்டி மிஷன் வீதியில் இருப்பவர்கள் தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். உங்களுக்கு வேகம் வந்துவிடும், வராவிட்டால் அடுத்த கம்பெனிக்கு மாறிவிடுவீர்கள். மாறுவதற்கு இன்னொரு கம்பெனி இல்லாத வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமத்து மக்களுக்குத்தான் பொறுமை என்ற கலை தேவைப்படுகிறது. கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆளுக்கொரு பெயர் இதற்குள் உங்கள் மனதில் வந்திருக்கும்.

படி 1: உங்கள் ஊர் எது என்று கம்பெனியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

பாகூரில் பிறந்து, பாகூர் ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்தவர் என்பதால் உங்கள் ஊர் உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். செயலியில் பின்கோடு போட்டால்தான் தெரியும். வில்லியனூர்க்காரர் 605110 என்று போட்டால் புதுச்சேரி. பாகூர்க்காரர் 607402 என்று போட்டால், அது கடலூர் வரிசை எண். தொலைபேசிக்கு மட்டும் 0413, அதாவது பாண்டி. ஆக, கடலூர் ஆபீஸைக் கேட்டால் “நீங்க பாண்டி சார்” என்பார்கள். பாண்டி ஆபீஸைக் கேட்டால் “உங்க பின்கோடு கடலூர் காட்டுது சார்” என்பார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் விசேஷம்.

கோபம் வந்தால் பிரெஞ்சுக்காரர்மேலும் ஆங்கிலேயர்மேலும் காட்டிக்கொள்ளுங்கள். அவர்கள் துண்டுதுண்டாகப் பிரித்து வைத்த நிலத்தில் தமிழ்நாடும் புதுச்சேரியும் இன்றைக்கும் மாறி மாறி வருகின்றன. ஒரு கேபிள் நேராகப் போனாலும் ஒரு கம்பம் தமிழ்நாட்டுக்கும், அடுத்த கம்பம் புதுச்சேரிக்கும் சொந்தமாக இருக்கலாம். தொலைத்தொடர்பு வட்டத்தில் மட்டும் புதுச்சேரி தமிழ்நாட்டோடு ஒன்றாகிவிட்டது. மற்ற எல்லாவற்றுக்கும் தனித்தனி அனுமதி.

படி 2: ஆசையைக் குறையுங்கள்

200 கேட்டவருக்கு 9 வருகிறது என்று அலுத்துக்கொள்கிறீர்கள். அரசு வகுத்த அளவைப் பாருங்கள். 2004-இல் நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது பிராட்பேண்ட். 2013-இல் அதை 512 ஆக்கினார்கள். 2023 ஜனவரியில்தான் 2 எம்பிபிஎஸ் ஆனது. அந்தக் கணக்கில் நீங்கள் நாலரை மடங்கு வசதிக்காரர். இதற்கு மேல் குறை சொன்னால் கண்ணேறு படும்.

இன்னொரு கணக்கும் கைவசம் இருக்கட்டும். விளம்பரத்தில் வருவது பிட், உங்கள் படமும் பாட்டும் இறங்குவது பைட். எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். 40 எம்பிபிஎஸ் முழுதாக வந்தாலும் நொடிக்கு 5 மெகாபைட்தான். வகுத்துப் பார்த்த பிறகு பெரும்பாலோர் புகார் எண்ணத்தையே கைவிட்டுவிடுகிறார்கள்.

படி 3: பெட்டியைத் தொடாதீர்கள்

பிளான் மாறிய அன்றே பில்லும் மாறிவிடும். அது கணினி செய்கிற வேலை. பெட்டியை மாற்றுவது மனிதன் செய்ய வேண்டிய வேலை, அதனால்தான் தாமதம். சுவரில் தொங்கும் பழைய பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். அதன் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் ரகமாக இருந்தால், நீங்கள் 200 என்ன, 1000-க்குப் பணம் கட்டினாலும் ஒயர் வழியாக 95-ஐத் தாண்டாது. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தருகிற பெட்டி என்றால், நடைமுறையில் நாற்பது ஐம்பதோடு நின்றுவிடும். இந்த விவரத்தைப் பணம் வாங்கும்போது யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் புதுப் பெட்டி தர வேண்டியிருக்குமே.

டெக்னீஷியன் தம்பி வந்தால் அவர் சோதிக்கும் அழகைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பையைக் கழற்றாமலேயே வருவார். பெட்டியில் பச்சை எரிகிறதா, சிவப்பு எரிகிறதா என்று ஒரு பார்வை. மஞ்சள் ஒயரைப் பிடுங்கித் துடைத்து மறுபடி சொருகுவார். பிறகு தன் போனைப் பெட்டியிலிருந்து ஒரு முழ தூரத்தில் பிடித்து, கம்பெனியின் சொந்த சர்வரை நோக்கியே ஸ்பீட் டெஸ்ட் போடுவார். முள் ஏறும். “பாருங்க சார், ஃபுல்லா வருது.” கம்பெனி வீட்டுக்குள்ளேயே ஓடிப் பார்த்துக்கொள்கிற ஓட்டம் அது. வெளியே போகிற வழியில் நெரிசல் இருந்தால் அந்த முள்ளுக்குத் தெரியாது. நீங்கள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் வண்டி கோட்டைமேட்டைத் தாண்டியிருக்கும்.

படி 4: “மேலே பிராப்ளம்” என்றால் மேலே பார்க்காதீர்கள்

“மேலே பிராப்ளம் சார், ஈவினிங்குள்ள வந்துடும்.” எந்த மேலே, எந்த ஈவினிங் என்று கேட்பது மரியாதை இல்லை. ஆனாலும் விஷயத்தைத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை. உங்கள் தெருவுக்கு வரும் ஃபைபர் ஓர் இழைதான். அதில் வரும் இரண்டரை ஜிகாபிட்டை ஸ்ப்ளிட்டர் என்ற சின்னப் பெட்டி 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பங்கு பிரிக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. அத்தனை தெருவுக்கும் சேர்த்து ஊரிலிருந்து பாண்டிக்குப் போகும் பாதை குறுகலாக இருந்தால், கம்பெனி புது இணைப்பு கொடுக்கக் கொடுக்க ஒவ்வொருவர் பங்கும் இளைக்கும். ஏரியில் தண்ணீர் இருந்தும் கடைமடைக்கு வராத கதை பாகூர்க்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் நீங்கள் எல்லோருமே கடைமடைதான்.

இதற்கு வைத்தியம், அந்தப் பாதையை அகலப்படுத்துவது. அதற்குச் செலவாகும். புது வாடிக்கையாளரைப் பிடித்தால் வரவு வரும். எது முதலில் நடக்கும் என்று யோசித்து மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படி 5: காரணப் பஞ்சாங்கத்தை மனப்பாடம் செய்யுங்கள்

போன் போட்டுக் கேட்பதைவிடக் காலண்டரைப் பார்ப்பது எளிது.

சித்திரை: வெயிலில் பவர் கட். வைகாசி: வில்லியனூர் திருக்காமீசுவரர் தேர், கவர்னர் வடம் பிடிக்கும் தேருக்கு வழிவிடக் கம்பியைக் கழற்றினோம், மாட்ட ஆள் வரவில்லை. ஆடி: காற்றில் கிளை விழுந்தது. ஆவணி: சாலை போட ஜேசிபி தோண்டியது. ஐப்பசி: மழை. கார்த்திகை: புயல். மார்கழி: புயலில் போனதைச் சரிசெய்கிறோம். தை: பொங்கல், ஆள் லீவு. மாசி: மாசி மகம். பங்குனி: வருஷக் கடைசி, பட்ஜெட் இல்லை.

புயல் காரணத்தைக் கிண்டல் செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் வந்த தானே புயல் இந்தப் பக்கத்துக் கம்பங்களை வரிசையாகச் சாய்த்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. அந்த வாரம் யாரும் நெட் கேட்கவில்லை. ஆனால் புயலில் அறுந்த ஒயரைத் தாற்காலிகமாக முடிந்து, இணைப்புப் பெட்டியை பாலித்தீன் பையால் சுற்றி மின்கம்பத்தில் கட்டிவிட்டுப் போனார்களே, அந்தப் பை அடுத்த மழைவரை அப்படியே தொங்குவதற்கு எந்தப் புயலும் பொறுப்பல்ல.

படி 6: வாடிக்கையாளர் சேவையை மதியுங்கள்

தமிழுக்கு ஒன்றை அழுத்துங்கள். புகாருக்கு மூன்று. பழைய புகாருக்கு ஐந்து. எங்கள் புதிய அதிவேகத் திட்டங்களை அறிய ஏழு. மறதியாக ஏழை அழுத்துங்கள், உடனே ஆள் கிடைப்பார். மூன்றை அழுத்தியவருக்குப் பாட்டு கிடைக்கும். இரவு ஒன்பது மணிக்கு ஒரு குறுஞ்செய்தி வரும்: “உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது.” வீட்டில் யாரும் கவனிக்காமல் தீர்த்துவைத்த திறமைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள். குறைத்துக் கொடுத்தால் தண்டனை கம்பெனிக்கு இல்லை, வெயிலில் கம்பம் ஏறிய அந்தத் தம்பிக்குத்தான் என்பதால் கையும் வராது.

வார்டு உறுப்பினரிடம் சொல்லலாமே என்று தோன்றும். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது. அடுத்தது 38 ஆண்டு கழித்து 2006-இல். அவர்கள் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதற்கப்புறம் கதை உங்களுக்கே தெரியும். காத்திருப்பதில் நமக்கு இருக்கும் பயிற்சி வேறு எந்த ஊருக்கு உண்டு?

படி 7: வரலாற்றைப் படிக்காதீர்கள்

படித்தால் பொறுமை போய்விடும். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை வில்லியனூரை மையமாக வைத்து கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் என்று கிராமங்களுக்கு விஎச்எஃப் ரேடியோ வழியாகத் தகவல் போனது. மின்சாரம் நிற்கும் நேரத்துக்குச் சூரியத் தகடு வைத்தார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்து, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மீனவர் அதைக் கேட்டுப் படகை இறக்கினார்கள். அந்தப் பணிக்கு 2001-இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது. இன்று உங்கள் போன் இறக்கும் ஒரே ஒரு பூமாலைப் படத்துக்கு அந்த ரேடியோ பாவம் எவ்வளவு நேரம் எடுத்திருக்குமோ. ஆனாலும் தகவல் சேர வேண்டிய நேரத்தில் சேர்ந்தது, ஏனென்றால் சேர்ந்ததா என்று பார்க்க ஓர் ஆள் இருந்தார்.

அதே கீழூரில்தான் 1954 அக்டோபர் 18-இல் மக்கள் பிரதிநிதிகள் கூடி, இந்தியாவோடு சேரலாமா என்று வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் சேரலாம் என்றார்கள். நவம்பர் 1-இல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற இரண்டு வாரம் போதுமாக இருந்த மண்ணில், 40-லிருந்து 200-க்கு மாற “டீம் பார்த்துட்டிருக்காங்க சார்.”

எச்சரிக்கை: இவற்றை மட்டும் செய்துவிடாதீர்கள்

புகார் எண்ணை எழுதி வைக்காதீர்கள். எண் கையில் இருந்தால் கம்பெனிக்கு மறதி வராது.

லேன் ஒயரைக் கணினியில் நேரடியாகச் சொருகி, காலையிலும் இரவு ஒன்பது மணிக்கும் வேகத்தைப் பார்த்து, தேதியோடு படம் எடுத்து வைக்காதீர்கள். வைஃபை மேல் பழி போடும் வசதி அவர்களுக்குப் போய்விடும்.

புகார் தீரவில்லை என்றால் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதாதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிப்படி அப்படி ஓர் அதிகாரி இருக்க வேண்டும், 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதற்குக் கட்டணமும் கிடையாது. அவர் நிம்மதியைக் கெடுப்பானேன்?

நாள்கணக்கில் லைன் செத்துக் கிடந்தால் அந்த நாட்களுக்கு வாடகையில் கழிவு கேட்காதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்காதீர்கள். தெருவில் அதே கம்பெனி நெட் வைத்திருக்கும் பத்துப் பேர் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒருவர் கேட்டால் அது புகார், பத்துப் பேர் கேட்டால் அது வியாபாரம் போகும் பயம்.

முக்கியமாக, 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்று பக்கத்து வீட்டாரிடம் பேசாதீர்கள். தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை என்று அது தீர்ப்பளித்தது. 2009-இல் வந்த ஒரு தீர்ப்பைக் காட்டி அதுவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்தச் சாக்கு இல்லை.

கிண்டல் போதும். டவுனில் இருப்பவர் கட்டும் அதே ரூபாயைத்தான் கிராமத்தில் இருப்பவரும் கட்டுகிறார். வேகத்தில் மட்டும் கிராமத்துக்குத் தள்ளுபடி என்று எந்த விதியிலும் இல்லை. வாங்கிய சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. இன்று இரவு நெட் நின்றால், முதலில் புகார் எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.