யூனிட் சார்

எங்கள் அடுக்ககத்தில் முன்பெல்லாம் பொழுது விடிந்ததை முதலில் அறிவித்தது காக்கை இல்லை, யூனிட் சார். விடிகாலையில் மடித்துக் கட்டிய வேட்டியோடு ஐந்தாம் மாடியிலிருந்து இறங்கி வருவார். டப், டப், டப். மாடிக்கு இரண்டு விளக்கு வீதம் வராந்தா அணைந்துகொண்டே வரும். பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தவர்கள் அப்படியே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "வெளிச்சம்தான் வந்துடுச்சே சார்!" என்று அந்த இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வரும்.

இயற்பெயர் மெயின்டனன்ஸ் ரசீதில் மட்டும் இருக்கிறது. கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். உலகத்தை ரூபாயாகவோ நாளாகவோ அளக்கமாட்டார். "பெங்களூர்லேர்ந்து பையன் வந்திருந்தானே, எத்தனை நாள் இருந்தான்?" என்று கேட்டேன். "38 யூனிட் இருந்தான்" என்றார்.

வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அப்போதெல்லாம் முதல் 100 யூனிட் இலவசம் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் 500 என்ற எல்லைக்கோட்டின் மகிமை யூனிட் சார் மாதிரி சிலருக்கே புரிந்தது. அதைத் தாண்டி ஒரே ஒரு யூனிட் போனாலும் அந்த ஒன்றுக்கு மட்டும் விலை கூடி நிற்காது. கீழே 101-லிருந்து 200 வரை சலுகை விலையில் ஓட்டியதற்கும் சேர்த்து ஏறிவிடும். ஆகவே ரீடிங் எடுக்கிறவர் வரவேண்டிய வாரம் அவர் வீடு பிரசவத்துக்கு நாள் குறித்த வீடு மாதிரி இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மீட்டர் கணக்குப்படி 497. ஆள் வருவதோ திங்கள். சார் மாமியை அழைத்துக்கொண்டு திருத்தணி கிளம்பிவிட்டார். என்ன பக்தி என்று வியந்தோம். மெயினை இறக்கிவிட்டல்லவா போயிருக்கிறார்! அவர் வீட்டு இட்லி மாவு மூன்று நாள் எங்கள் ஃபிரிட்ஜில் விருந்தாளியாக இருந்தது. அந்த மூன்று நாளுக்கு எங்கள் மீட்டர் எவ்வளவு ஓடியது என்பதை அவர் கேட்கவில்லை.

2022 செப்டம்பரில் அடுக்ககப் பொது மீட்டருக்கென்று தனிக் கட்டணம் வந்தது. யூனிட் 8 ரூபாய், இலவசம் எதுவும் கிடையாது. சார் அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு, லிஃப்ட் இல்லாமல் பத்து வீட்டுக்குள் அடங்கும் சின்னக் கட்டடங்களுக்கு மட்டும் விலையைக் குறைத்தார்கள். சங்கக் கூட்டத்தில் எழுந்து, "நாம லிஃப்டை எடுத்துட்டா என்ன?" என்றார்.

"48 வீடு இருக்கே சார். மீதி 38 வீட்டையும் எடுக்கணும்" என்றார் செகரட்டரி. சார் ஒரு கணம் யோசித்ததை நான் பார்த்தேன்.

பிறகு சென்சார் விளக்கு போட வைத்தார். ஆள் அசைந்தால் எரியும், நின்றால் அணையும். வாசலில் நின்று பையில் சாவி தேடுகிறவன் அசைவானா? ஒரு கையில் சாவி, மறு கையில் அபிநயம் என்று பழகிக்கொண்டோம். இரண்டாம் மாடிப் பாட்டி, எல்லாரும் தன்னைப் பார்த்துத்தான் கையாட்டுகிறார்கள் என்று பதிலுக்கு ஆசீர்வாதம் செய்வார். பூனைக்கு அந்தச் சிரமம் இல்லை. அது போகும் வழியெல்லாம் விளக்கெரியும். இப்போது சார் பூனையைத் துரத்துகிறார்.

சாருக்குத் தெரியாத கணக்கில்லை. ஆனால் விளக்கு என்றால் கணக்கை மறந்துவிடுவார். 9 வாட் எல்.இ.டி. பல்பு மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை எரிந்தாலும் பத்தில் ஒரு பங்கு யூனிட்தான். ஒரு ரூபாய்கூட ஆகாது. ஒருநாள் அப்படி ஒரு பல்புக்காக வாட்ச்மேனை நிற்க வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே டேங்க் நிரம்பி அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. 5 ஹெச்.பி. மோட்டார். அரைமணி வீணாக ஓடினால் அந்தப் பல்பு 17 ராத்திரி எரிந்த கணக்கு. "சார், தண்ணி..." என்று வாட்ச்மேன் இரண்டு முறை வாயெடுத்தார். "பேச்சை மாத்தாதே!"

கணக்கை நான் எழுதிக் காட்டியபோது சண்டை போடவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் எலக்ட்ரீஷியனோடு மொட்டை மாடியில் நின்றார். இன்று டேங்க் நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கிறது. இதையும் சொல்லாவிட்டால் பாவம்.

ஒருமுறை மருமகள் வேலை செய்யும் ஓ.எம்.ஆர். கட்டடத்தைப் பார்க்கப் போனார். வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கைகளைத் தேய்த்தபடி இளைஞர்கள். ஏ.சி.யை ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம், 24-ல் வையுங்கள் என்று எரிசக்தித் திறன் அமைப்பு சொல்வதை வரவேற்பறைப் பெண்ணிடம் சொல்லிப் பார்த்தார். "நாளைக்கு வேணா ஷால் எடுத்துட்டு வாங்க அங்கிள்" என்றாள் அவள். ஏழு மாடி, ஆளில்லாத இருக்கைகளுக்கு மேலும் விளக்கு. டப் என்று அணைக்க எங்கேயும் ஒரு ஸ்விட்ச் இல்லை. அன்றிரவு சார் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

இத்தனை நாள் லிஃப்டில் தனியாக மேலே போகிறவர்களை முறைத்துக்கொண்டிருந்தார். நாலாம் மாடி இன்ஜினீயர் பையன் வினையை விலைக்கு வாங்கினான். "அங்கிள், லிஃப்டுக்கு மறுபக்கம் எடைக்கல் தொங்குது. பெட்டியோட எடை, அதோட பாதி ஆள் எடை சேர்த்து வச்சிருப்பாங்க. ஒருத்தர் மட்டும் மேலே போனா கல்லே இழுத்துடும், மோட்டாருக்கு வேலை கம்மி. தனியா இறங்கும்போதுதான் அந்தக் கல்லை மோட்டார் தூக்கணும். கூட்டமா இறங்கினா மறுபடி சுலபம்."

சார் இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் லிஃப்ட் வாசலில் புதுச் சட்டம் ஒட்டியிருந்தது: ஏறுவது தனித்தனியாக, இறங்குவது கூட்டாக.

இப்போது கீழே நாலு பேர் சேர்ந்து வந்தால் கலைந்துபோகச் சொல்கிறார். காய்கறிப் பையோடு வரிசையில் நிற்கிறோம். காலை எட்டரைக்கு ஐந்தாம் மாடியில் வேறு காட்சி. எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. உள்ளே விளக்கு எரிகிறது, ஃபேன் சுழல்கிறது. கதவு மூடாமல் ஒரு காலை வைத்து மறித்தபடி, சார் படிக்கட்டுப் பக்கம் பார்த்துக் கூவிக்கொண்டிருக்கிறார்:

"கீழே, கீழே, கீழே! இன்னும் ரெண்டே பேர் சார், வந்தா கிளம்பிடலாம்!"