சென்சார் மாற்றியல்: மணிமேகலை வழி ஓர் அளவை ஆய்வு

சங்ககாலத் தேரின் சக்கரம், குதிரையின் கழுத்துமணி, பாகனின் சாட்டை என ஊர்தி தொடர்பான யாவற்றையும் தமிழாய்வுலகம் அலசித் தீர்த்துவிட்டது. லோடு ஏற்றிய பிக்கப் வண்டி நடுரோட்டில் பட்டென்று நின்றுபோனால் வண்டிக்காரன் என்ன செய்யத் தக்கவன் என்பது பற்றி மட்டும் அறிஞர் எவரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. அக்குறை நீக்க எழுந்தது இக்கட்டுரை. ஆய்வுப் பொருள், ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றும் டீசல் பிக்கப் ஒன்றின் கிராங்க் சென்சார். வண்டியின் கம்பெனிப் பெயர் ஆய்வு அறம் கருதி மறைக்கப்பட்டுள்ளது. ரோட்டோரம் நின்றுவிட்ட பிறகு எல்லாக் கம்பெனியும் ஒரே குலம் என்க.

முதற்சான்று, டிரைவரின் வாக்குமூலம். “காலைல ஒரே செல்ஃப்ல புடிச்சுக்குதுங்கண்ணா. சூடாயிட்டா ஓட்டத்துலயே ஆஃப் ஆயிருது. அப்புறம் செல்ஃப் மட்டும் அடிக்குது, வண்டி புடிக்க மாட்டேங்குது. கொஞ்ச நேரம் ஆற விட்டா மறுபடி ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது.” இச்சான்றை டிரைவர்ப் பேச்சு என ஒதுக்கும் அறிஞரும் உளர். அவர் கூற்று பொருந்தாது. நோயின் இடம், காலம், காரணம் மூன்றும் இதனுள் அடங்கியிருப்பதைப் பின்னர்க் காண்போம்.

கிராங்க் சென்சார் என்பது விரல் பருமனுள்ள ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு. பழைய வகையில் உள்ளே ஒரு காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். அவ்வளவே. இரும்புப் பல் ஒன்று அதன் முகத்தருகே கடந்து போகும்போதெல்லாம் சுருளில் சிறு மின்துடிப்பு எழும். மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த தூண்டல் தத்துவம்தான் இன்று தக்காளி ஏற்றிப் பழநி ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறது. பல வண்டிகளில் சென்சாருக்கு எதிரே சுழலும் வளையத்தில் 60 பற்களுக்கு இடம் விட்டு, இரண்டை வேண்டுமென்றே இல்லாமல் செய்து, 58 பற்கள் வைத்திருப்பார்கள். அந்தப் பொக்கை வாய் எங்கே வருகிறது என்பதைக் கொண்டே கிராங்க் இப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று என்ஜினை ஆளும் கணினியான ஈசிஎம் அறிகிறது. நிமிடத்துக்கு 800 சுற்று என்ற ஐடில் வேகத்தில்கூட நொடிக்கு 770-க்கு மேற்பட்ட பற்களை இச்சென்சார் எண்ணியாக வேண்டும். எண்ணிக்கை நின்றால், எந்த சிலிண்டரில் எப்போது டீசல் பீய்ச்சுவது என்று தெரியாமல் ஈசிஎம் கையைக் கட்டிக்கொள்கிறது. டேங்க் நிறைய டீசல் இருந்தும் வண்டி பட்டினி கிடக்கும்.

இனி அளவைக்கு வருவோம். மணிமேகலையின் 27-ஆம் காதையில் வஞ்சி மாநகரத்து அளவைவாதி, உண்மையை அறியும் வழிகள் பத்து என்று வரிசைப்படுத்துகிறான். காட்சி, கருதல், உவமம், ஆகமம், ஐதிகம், அபாவம் என்று அந்தப் பட்டியல் நீளும். 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காஞ்சியில் அமர்ந்து, காட்சியும் கருதலும் போதும், மற்றவையெல்லாம் கருதலுக்குள் அடங்கும் என்று பத்தையும் இரண்டாகச் சுருக்கிவிடுகிறார். பிக்கப் வண்டியைப் பொறுத்தவரை அறவண அடிகள் பக்கமே நியாயம் இருக்கிறது என்பது இவ்வாய்வாளன் துணிபு. பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பவனுக்கு மற்ற எட்டும் செலவு வைக்கும்.

எட்டில் மிகச் செலவு வைப்பது ஆகமம். மீட்டர் போர்டில் மஞ்சளாக ஒளிரும் என்ஜின் லைட்டும், ஸ்கேனரைச் செருகினால் அது உரைக்கும் கோடும் இக்காலத்து ஆகமங்கள். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமான 16 முனைச் சாக்கெட், இன்று நம் வண்டிகளிலும் ஸ்டியரிங்குக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ் 6 வந்தபின் சென்சார்களின் தொகையும் கூடியது, அவற்றின் பெயரால் வரும் பயமும் கூடியது. நம் வண்டியில் வந்த கோடு பி 0335. இதைக் கண்ட மாத்திரத்தில் “கிராங்க் சென்சார் போச்சு” என்று பொருள் சொல்வது உலக வழக்கு. மூலபாடம் அப்படிச் சொல்லவில்லை. கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது. சுற்று என்றால் சென்சார், கப்ளர், இரண்டு மூன்று வயர், ஈசிஎம்மின் முனை எல்லாம் சேர்ந்தது. இரட்டைக் காப்பியங்களில் மற்றொன்றான சிலப்பதிகாரத்தில், ஒரே ஒருவர் சொன்னதை வைத்துத் தீர்ப்பெழுதிய அரசன் கதி என்னவாயிற்று என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அப்படியிருந்தும் நாள்தோறும் குற்றமற்ற சென்சார்கள் கழற்றி எறியப்படுகின்றன.

அடுத்தது ஐதிகம். இந்த மரத்தில் ஒரு தெய்வம் உண்டு என்று ஊரார் வழிவழியாகச் சொல்வதை நம்புதல் ஐதிகமாம். இதன் இக்கால இருப்பிடம் டீக்கடை. வண்டி நின்ற இடத்தருகே கடை ஒன்று இருந்தமையால் கள ஆய்வு எளிதாயிற்று. டீசல் ஃபில்டர் அடைத்திருக்கும் என்றார் ஒருவர். பம்ப் போயிருக்கும் என்றார், முன்பு லாரி ஓட்டிய இன்னொருவர். ஈசிஎம்மே அவுட் என்று மூன்றாமவர் சொன்னதும் வண்டிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. எலி கடித்திருக்கும் என்று டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். வயரிங்கை எலி கடிப்பது சிரிக்கத்தக்க செய்தி ஆகாது. இரவில் தோட்டத்தில் நிற்கும் வண்டியின் வெதுவெதுப்பான என்ஜின் எலிக்கு நல்ல வீடு. ஐதிகங்கள் நான்கில் சோதித்துப் பார்க்கத் தக்கது அது ஒன்றே.

அபாவம் என்பது இன்மையைக் கொண்டு அறிதல். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பல வண்டிகளில் அது இம்மியளவாவது எழும்ப வேண்டும். பேட்டரி நன்றாயிருந்து, என்ஜின் சுழன்றும் முள் செத்துக் கிடந்தால், எண்ணும் வேலை நடக்கவில்லை என்று கருதலாம். பேட்டரி சோர்ந்து மெதுவாகச் சுழன்றாலும் காந்தச் சுருள் வகையில் துடிப்பு வலுவிழக்கும். ஆகையால் முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும். பின்பு கப்ளரைக் கழற்றி முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா, வயரில் பல் தடம் இருக்கிறதா என்று நோக்க வேண்டும். இது காட்சி. அறவண அடிகள் இதைத்தான் முதலில் வைத்தார்.

மிஞ்சுவது கருதல். மல்டிமீட்டரை ஓமில் வைத்து சென்சாரின் இரு முனைகளிலும் தொட்டால், காந்தச் சுருள் வகைகளில் சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் ஓம் வரை காட்டும். சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். ஆறிய என்ஜினில் சரியாகக் காட்டிய சென்சார், சூடான என்ஜினில் ஒன்றுமே காட்டாமல் நின்றால் வழக்கு முடிந்தது. உள்ளே கம்பியில் விரிசல் இருக்கிறது. சூட்டில் விலகி, ஆறியதும் ஒட்டிக்கொள்கிறது. டிரைவர் சொன்னது இதையேதான், ஓம் என்ற சொல் இல்லாமல். அற்றேல், மூன்று முனையுள்ள சென்சாரையும் இப்படியே அளக்கலாமோ எனின், அற்றன்று. அது பெரும்பாலும் எட்வின் ஹால் 1879-இல் கண்ட விளைவால் இயங்கும் வேறு சாதி. உள்ளே சிறு மின்னணுச் சுற்று உண்டு. ஓம் மீட்டர் அதனிடம் கேட்கும் கேள்வியே பிழை, சில வேளை கேட்ட மாத்திரத்தில் உயிரும் போகும்.

மாற்றும் வேலையோ இத்தனை தத்துவத்துக்கும் ஈடு கொடுக்காத அளவு சிறியது. பேட்டரியின் மைனஸைக் கழற்றுக. என்ஜின் ஆறும்வரை பொறுக்க. வண்டிக்கு அடியில் போவதானால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்துக்குக் கல் வைக்க. பல டீசல் பிக்கப்புகளில் சென்சார், ஃபிளைவீலை மூடிய பெல் ஹவுசிங்கில் இருக்கும். ஒரே ஒரு போல்ட்தான் அதைப் பிடித்திருக்கும். கப்ளரின் லாக்கை அமுக்கி இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுப்பவன் சென்சார் வேலையோடு வயரிங் வேலையையும் சேர்த்துச் செய்வான்.

புதிய சென்சாரை வாங்குவதும் ஓர் ஆய்வே. பழையதைக் கையில் கொண்டுபோய், அதன் உடலில் பொறித்த எண்ணைக் காட்டி வாங்க வேண்டும். சென்னை ஜி.பி. ரோடு ஆனாலும் உள்ளூர்க் கடையானாலும், “ஒரிஜினலா, லோக்கலா?” என்ற வினா எழும். சென்சாரில் லோக்கல் வாங்குபவர், அதே வேலையை விரைவில் மறுபதிப்பு காண்பார்.

ஓ-ரிங்கைப் பற்றி ஒரு சொல். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்கா போன நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1939-இல் காப்புரிமை பெற்ற இந்த ரப்பர் வளையத்தை அற்பமென எண்ணற்க. 1986 ஜனவரி 28-இல் சேலஞ்சர் விண்கலம் சிதறியது, குளிரில் விறைத்த ஓ-ரிங்கால். இயற்பியலறிஞர் ரிச்சர்ட் ஃபெயின்மன் அந்த ரப்பரை ஐஸ் தண்ணீரில் முக்கிக் காட்டி அதை நிறுவினார். நம் பிக்கப் விண்ணுக்குப் போவதில்லை என்றாலும், வளையத்தில் ஒரு சொட்டு என்ஜின் ஆயில் தடவிச் செருகினால் பிய்யாமல் இறங்கும். போல்ட்டைக் கைப்பிடி முறுக்கத்தோடு நிறுத்துக. உடல்வலுவைக் காட்ட இது இடம் ஆகாது. பிளாஸ்டிக் காது தெறிக்கும், அலுமினிய மரை தேயும். கடைசியில் ஸ்கேனரால் கோடை அழிக்க வேண்டும். சில வண்டிகள் புதிய சென்சாரை முறைப்படி அறிமுகம் செய்துவைக்கவும் கேட்கும்.

இடையில் டார்ச் பிடிப்பவர் இயல் ஒன்று தனியே எழுதத் தக்கது. வண்டிக்கு அடியில் ஒருவன் கிடந்தால், டார்ச் அடிக்க ஒருவர் தாமாக வருவார். அவர் ஒளி, வேலை செய்பவன் கையில் ஒருபோதும் விழாது. தாம் பார்க்க விரும்பும் இடத்தில் விழும். நம் கள ஆய்வில் அது சைலன்சரின் மேலேயே நின்றது. அதில் ஏதோ ஓட்டை என்று அவருக்கு ஐயம்.

போல்ட்டுக்கு உரியது பத்தாம் நம்பர் ஸ்பேனர். எட்டும் பன்னிரண்டும் பெட்டியில் கிடக்கும்; பத்து மட்டும் என்ஜினுக்குள் விழுந்து, தரைக்கு வராது. இது எங்கே போகிறது என்பதைக் காட்சியாலும் கருதலாலும் இதுவரை நிறுவ முடியவில்லை. அபாவம் ஒன்றே சான்று. ஆய்வு முடியும்வரை வாசகர்கள் பத்தாம் நம்பரை இரண்டாக வாங்கி, ஒன்றை டார்ச் பிடிப்பவர் கண்ணில் படாமல் வைக்கவும்.