அரசர் திட்டினால் சிகிச்சை

2010ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சிறுவர்களின் ஒழுக்கம் மயிரிழையில் தப்பியது. காப்பாற்றிய பெருமை அந்நாட்டுத் திரைப்படத் தணிக்கை வாரியத்துக்கு.

இரண்டு படங்கள் வாரியத்தின் முன் வந்தன. ஒன்று ‘மேட் இன் டாகன்ஹாம்’. 1968இல் கிழக்கு லண்டனின் டாகன்ஹாமில் இருந்த ஃபோர்டு ஆலையில் கார் இருக்கை உறை தைத்த பெண்கள், ஆண்களுக்குச் சமமான கூலி கேட்டு நடத்திய வேலைநிறுத்தத்தைச் சிரிப்பும் கண்ணீருமாகச் சொல்லும் படம். இன்னொன்று ‘தி கிங்ஸ் ஸ்பீச்’. திக்கிப் பேசும் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பேசப் பழகும் கதை. இரண்டிலும் ஒரே கெட்ட வார்த்தை பலமுறை வருகிறது. இரண்டுக்கும் வாரியம் முதலில் 15 வயதுச் சான்றிதழே கொடுத்தது.

மன்னர் தரப்பு முறையிட்டது. வாரியம் மறுபடி யோசித்தது. மன்னர் படம் 12ஏ பிரிவுக்கு இறங்கியது. கடும் சொற்கள் பேச்சுச் சிகிச்சையின் பகுதியாக வருகின்றன என்று ஒரு குறிப்பும் சேர்த்தார்கள். தையல்காரப் பெண்கள் 15இலேயே நின்றார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம்மூரில் சொல்லிவைத்ததை அங்கே சான்றிதழாகவே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

வாரியத்துக்கும் ஒரு நியாயம் உண்டு, சொல்லிவிடுவோம். மன்னர் யாரையும் பார்த்துத் திட்டவில்லை. ஓரிரு இடங்களில் மட்டும், வைத்தியர் தூண்டிவிட, நாக்கின் கட்டு அவிழ வேண்டுமென்று கொட்டித் தீர்க்கிறார். சரி. ஒழுகும் கூரைக்குக் கீழே, வெக்கை தாங்காமல் மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நாளெல்லாம் தையல் எந்திரத்தோடு மல்லுக்கட்டும் பெண்ணுக்கு வாயில் வருவது என்னவாம்? அவளுக்கு வைத்தியர் வைத்துக்கொடுக்க ஆளில்லை. அதனால் அவள் பேச்சு ஆபாசம்.

12ஏ என்றால் எட்டு வயதுப் பிள்ளைகூடப் பெரியவர் துணையோடு போகலாம். 15 என்றால் பெற்ற தாய் கூட வந்தாலும் வாசலில் நிறுத்திவிடுவார்கள். அந்தப் போராட்டத்தில் நின்ற ஒரு பாட்டி, பதினான்கு வயதுப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய், “பாருடி, இது எங்க கதை” என்று திரையரங்கில் காட்ட முடியாது. மன்னர் எப்படித் திட்டினார் என்பதைத் தாராளமாகக் காட்டலாம்.

அந்தப் பேத்தியிடமிருந்து எதை மறைத்தார்கள் என்று பாருங்கள். தைக்கும் வேலை திறமை வேண்டாத வேலை என்று நிர்வாகம் தரம் பிரித்தது. அந்தக் கீழ்த்தரத்திலும் ஆணுக்குக் கிடைத்ததில் 85 சதவீதமே பெண்ணுக்கு. 1968 ஜூன் 7ஆம் தேதி 187 பெண்கள் எந்திரத்தை நிறுத்தினார்கள். இருக்கையில்லாத காரை யார் வாங்குவது? ஆலையே முடங்கியது. அமைச்சர் பார்பரா காசில் அழைத்துப் பேசினார். மூன்று வாரத்தில் கூலி 92 சதவீதமானது. 1970இல் சம ஊதியச் சட்டம் வந்தது. முதலாளிகள் மனம் நோகாமல் பழகிக்கொள்ளட்டும் என்று அது 1975 கடைசியில்தான் அமலுக்கு வந்தது. தையலும் திறமைதான் என்று ஒப்புக்கொள்ள வைக்க 1984இல் இன்னொரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. பதினாறு ஆண்டுகள்! இதைக் கேட்கும் பிள்ளைக்கு வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்தால் அது வளர்ப்பின் குறையல்ல. கணக்குப் பாடம் சரியாக ஏறியிருக்கிறது என்று பொருள்.

படத்தில் குழந்தையின் மனத்தை உண்மையிலேயே உலுக்கக்கூடியவை உண்டு. போரில் மனம் சிதைந்து திரும்பிய ஒரு கணவன் தூக்கில் தொங்குகிறான். ஒரு பள்ளி ஆசிரியர் தொழிலாளி வீட்டுப் பையனைப் பிரம்பால் அடிக்கிறார். நான் குடிப்பதில்லை, உன்னை அடிப்பதில்லை என்று ஒரு நல்ல கணவன் மனைவியிடம் பட்டியல் போடுகிறான்; அதெல்லாம் நீ போடும் பிச்சையல்ல, எனக்குச் சேர வேண்டியது என்று அவள் திருப்பிக் கொடுக்கிறாள். பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டிய காட்சிகள் இவை. தற்கொலைக் காட்சிக்காக ஒரு பெற்றோர் தயங்கினால் அந்தத் தயக்கத்துக்குத் தலைவணங்கலாம். ஆனால் 15 வயதுக் கதவைச் சாத்தியது இவை எதுவும் அல்ல, மொழி! பிரம்படியை எண்ண விரல் மடங்கவில்லை. பிள்ளை அடிவாங்கலாம். அடி வாங்கிய பிள்ளையின் அம்மா பேசுவதைக் கேட்கக்கூடாது.

அமெரிக்கா இந்த விஷயத்தில் சமத்துவ பூமி. மன்னருக்கும் தையல்காரிக்கும் ஒரே கடுமையான ‘ஆர்’ சான்றிதழ். அங்கே அந்த வார்த்தை ஒருமுறை வந்தால் சற்று இளகிய பிஜி-13, அதற்கு மேல் வந்தால் ஆர் என்பதுதான் பொது விதி. முதல் முறை மொட்டாக இருந்தது இரண்டாம் முறை நஞ்சாகிவிடும் போலும். ஆனால் மன்னர் படம் 2011இல் ஆஸ்கர் வாங்கியதும், குடும்பங்களும் பார்க்கட்டும் என்று விநியோகஸ்தர் சில வார்த்தைகளை ஊமையாக்கிப் பிஜி-13 பதிப்பொன்றை வெளியிட்டார். சிறுவர் காதுகளைக் காக்க முன்வந்த அந்தப் புண்ணியவான் ஹார்வி வைன்ஸ்டீன். அவரிடம் வேலை தேடிப் போன பெண்கள் அவர் அறைக்குள் அனுபவித்ததை 2017இல் உலகம் கேட்டது. 2022இல் லாஸ் ஏஞ்சலஸ் நடுவர் குழு அவரைப் பாலியல் வன்புணர்வுக் குற்றவாளி என்றது. வேலையிடத்தில் பெண்ணுக்கு நேர்வதைப் பற்றிய சினிமாவிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றும் தொழில், வேலையிடத்தில் பெண்களை வேட்டையாடியவனைச் சபை நடுவே முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தது. அவன் கையிலிருந்த படத்தில் ஒலி மட்டும் சுத்தம்.

இன்னொரு விஷயம். டாகன்ஹாம் படம் பிரிட்டனில் வெளியான நாள் 2010 அக்டோபர் 1. பழைய சம ஊதியச் சட்டத்தின் இடத்தில் புதிய சமத்துவச் சட்டம் அமலுக்கு வந்ததும் அதே நாள். குறைந்தபட்சக் கூலி உயர்ந்ததும் அதே நாள்: 21 வயதானவருக்கு மணிக்கு 5.93 பவுண்டு, 16, 17 வயதுப் பிள்ளைகளுக்கு 3.64. பதினாறுக்குக் கீழே? குறைந்தபட்சம் என்ற பேச்சே கிடையாது. ஆனால் 13 வயதிலிருந்தே பகுதிநேர வேலை செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. சனிக்கிழமை காலை கடையில் கொடுத்த காசுக்கு மாடாக உழைக்கலாம். அன்று மாலை, கொடுத்த காசு போதாது என்று சொன்ன பெண்களின் படத்துக்குப் போனால், “உனக்கு இன்னும் வயசாகலை, போம்மா” என்பார்கள்.

எனவே இந்தப் படம் எந்த வயதுப் பிள்ளைக்கு ஏற்றது என்று கேட்பவர்களுக்கு என் தீர்ப்பு இது. முதலாளி எந்த வயதில் அவளை வேலைக்கு எடுக்கலாமோ அந்த வயதுக்கு ஏற்றது. பிரிட்டனில் அது 13. உழைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்ட காதுக்கு, கூலி கேட்டவர்களின் வாயிலிருந்து வரும் எந்த வார்த்தையும் கெட்ட வார்த்தையல்ல. அது பெரியவர்களுக்குச் சங்கடம் என்றால், வேலைக்கான வயதை 15ஆக உயர்த்திவிட்டுச் சான்றிதழைப் பற்றிப் பேச வாருங்கள்.