யோசனைக்குப் பஞ்சமில்லை

எண்பதுகளில் எங்கள் தெருவில் அண்ணனுக்கு வந்தது மனச்சிதைவு நோய் என்று ஒருவருக்கும் தெரியாது. செய்வினை என்று எல்லாருக்கும் தெரியும். வைத்தது யார் என்பதில்தான் கருத்து வேறுபாடு. பங்காளிதான் என்றார் பெரியப்பா. அத்தைக்கு அம்மா மேலேயே சந்தேகம். குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் இருத்தினால் தெளியும் என்றார் ஒருவர். இன்னொருவர் ஏர்வாடி தர்காவுக்கு எங்கே பஸ் மாறவேண்டும் என்பது வரை சொன்னார். மாமா பெண் கல்யாணத்துக்கு அம்மா போய்வர, இரண்டு நாள் அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் கிடைக்கவில்லை.

சென்னையில் 1984இலேயே டாக்டர் சாரதா மேனன் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கிவிட்டார். அந்தச் செய்தி எங்கள் ஊர்வரை வரவில்லை, மந்திரவாதி வந்தார். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்தவர்கள் எப்படி ஓடுவார்கள்? அதன் பிறகுதான் அரசாங்கத்தின் கண்ணுக்குச் சங்கிலி தெரிந்தது.

இப்போது காலம் மாறிவிட்டது. அம்மா போய், முறை எனக்கு வந்திருக்கிறது. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மனநோயாளிகள் யாரையும் சங்கிலியால் கட்டக்கூடாது. 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு போன் போட்டால் தமிழிலேயே தன்மையாகப் பேசுகிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். இதையெல்லாம் குறை சொன்னால் நாக்கு அழுகும்.

ஆனால் ஊனச் சான்றிதழுக்கு 40 சதவீத ஊனம் தேற வேண்டும். வீட்டில் வாரக்கணக்கில் குளிக்காத அண்ணன், பரிசோதனை நாளன்று மட்டும் குளித்துத் தலைவாரி, டாக்டரிடம் இங்கிலீஷில் குசலம் விசாரித்தான். “நல்லாத்தானம்மா இருக்காரு?” என்று வரிசையில் நின்றவர் என்னை முறைத்தார்.

மந்திரவாதியை அனுப்பியவர்களின் பிள்ளைகள் இப்போது யூடியூப் வீடியோ அனுப்புகிறார்கள். “நீயும் உன்னப் பாத்துக்க, தியானம் பண்ணு.” நான் கண்ணை மூடினால் அவன் வாசலைத் தாண்டிவிடுவான்.

உருப்படியாகக் கிடைத்தது நோயாளிகளின் குடும்பத்தார் கூட்டம்தான். மாத்திரையை நாக்கடியில் ஒளிப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அங்கே ஒரு அப்பா சொல்லித்தந்தார். எல்லாருக்கும் கேள்வி ஒன்றே: “எனக்கப்புறம் யாரு?” 1999ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டம் பாதுகாவலரை நியமிக்க வழி செய்கிறது. ஆனால் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் இவற்றுக்கு மட்டும். மனநோய் அதில் இல்லை.

சட்டம் மாறும்போது மாறட்டும். உங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு இருந்தால், யோசனை எதுவும் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வந்து உட்காருங்கள். அந்த வீட்டுப் பெண் தூங்கி எழட்டும்.