கடற்கரைக்கு வழி காணவில்லை: ஒரு மனு

பெறுநர்: மத்தியச் சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகம், புது தில்லி.

பொருள்: கரைக்குப் போகும் பாதையைக் கண்டுபிடித்துத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய அமைச்சகத்துக்கு,

1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். உச்ச ஓதத்தில் தண்ணீர் எட்டும் இடத்திலிருந்து குறைந்தது 500 மீட்டருக்குக் கரையைச் சும்மா விட்டுவையுங்கள் என்பது அதன் சாரம். 1991 பிப்ரவரியில் அந்த 500 மீட்டர் கடலோர ஒழுங்குமுறை மண்டல (சி.ஆர்.இசட்.) அறிவிக்கையாக வந்து சேர்ந்தது. கடிதம் போட்டால் சட்டம் வரும், பத்து வருஷம் பொறுத்திருந்தால் போதும். அந்தத் தைரியத்தில்தான் இந்த மனுவும்.

அமைச்சகத்தின் அளவைத் திறமையைப் பாராட்டியே ஆக வேண்டும். பெரும் ஓதத்தில் தண்ணீர் ஏறும் மேல் விளிம்புதான் உயர் அலைக் கோடு. மணலில் நிற்பவர் கண்ணுக்கு அது படாது, வரைபடத்தில் மட்டும் பளிச்சென்று தெரியும். கிராமக் கரைகளில் அந்தக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குப் புதிய கட்டுமானம் கூடாது என்றிருந்தது. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்களில் 50 மீட்டரே போதும் என்றது 2019 அறிவிக்கை. அதுவும் 2011 கணக்கெடுப்பின்படி. அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தப் பெருமையில் பங்கில்லை. நெருக்கியடித்து வாழ்கிறவர்களுக்குக் கரையும் நெருக்கமாகவே இருக்கட்டும் என்ற பரிவு போலும்.

கட்டடத்துக்கு இவ்வளவு கணக்கு. கால்நடையாகக் கரைக்குப் போகிறவருக்கு?

அறிவிக்கையில், கடற்கரை விடுதிகளுக்கான இணைப்பில் ஒரு வரி இருக்கிறது. பொதுமக்கள் கரைக்குப் போக, எந்த இரண்டு விடுதிகளுக்கு நடுவிலும் குறைந்தது 20 மீட்டர் அகலத்தில் இடைவெளி விட வேண்டும். அங்கேயே முற்றுப்புள்ளி வைத்திருக்கலாம், வைக்கவில்லை. எந்த நிலையிலும் இந்த இடைவெளிகள் ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குக் குறைந்த தொலைவில் இருக்கக் கூடாது என்று வரி நீள்கிறது.

அதாவது, 300 மீட்டர் தள்ளி இன்னொரு வழி விடும் நல்லவர் விதியை மீறுகிறார். ஒரே முதலாளி இரண்டு கிலோமீட்டரை வளைத்துப் போட்டாலோ, 'இரண்டு விடுதிகள்' என்ற பேச்சே எழாது. வழியும் வேண்டாம், வம்பும் வேண்டாம். முதல் அறிவிக்கை இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 25 முறை திருத்தப்பட்டது. 2011இல் புது அறிவிக்கையும் வந்தது. இந்த வரி மட்டும் அதிலும் அப்படியே வந்து உட்கார்ந்தது.

செடி படர்ந்த முள்கம்பி வேலிக்கும் அனுமதி உண்டு, பொதுமக்கள் கரைக்குப் போவதை அது மறிக்காத வரை. மறிக்காத முள்வேலி எந்தக் கடையில் கிடைக்கும் என்று அமைச்சகமே விலாசம் தந்தால் உபகாரமாக இருக்கும்.

1996 டிசம்பரில், மணாலி அருகே ஒரு விடுதிக்காகப் பியாஸ் நதியைத் திருப்பிய வழக்கில், கடற்கரையும் ஓடும் நீரும் மக்களுக்காக அரசு காத்துவரும் சொத்து என்றது உச்ச நீதிமன்றம். தீர்ப்பு கையில் இருக்கிறது. ஆனால் மீன்கூடையோடு வருபவரும் மாலையில் காற்று வாங்க வருபவரும், பாகப்பிரிவினையில் நிலம் கிடைத்துப் பாதை கிடைக்காத தம்பியைப் போல வெளியே நிற்கிறார்கள்.

ஆகவே, '500 மீட்டருக்குக் குறையக் கூடாது' என்பதை '500 மீட்டருக்கு மிகக் கூடாது' என்று திருத்தவும், ஒற்றை விடுதிக்கும் அதைப் பொருத்தவும், உயர் அலைக் கோடு வரையும் அதே வரைபடத்தில் கரைக்குப் போகும் பொதுவழிகளையும் வரைந்து ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டவும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள்