ஒரு ஃபில்டர் போட்டா போதும் சார்

இ.சி.இ. இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் நான்கு பேர். ஒருத்தி சால்டரிங் செய்வாள். ஒருவன் கோட் எழுதுவான். ஒருவன் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு பைண்டிங் கடைக்கும் கல்லூரிக்குமாக அலைவான். நாலாவது ஆள் ஃபில்டர் போடுவான், வாயால்.

கைடு என்ற முறையில் வருஷா வருஷம் இவனைப் பார்க்கிறேன். முகம்தான் மாறும், வசனம் மாறாது.

இந்த முறை எனக்கு வாய்த்த அணி எடுத்துக்கொண்டது சுருதி காட்டும் கருவி. மைக் முன்னால் ஒருவர் ஸட்ஜம் பிடித்தால் அதன் அதிர்வெண்ணைக் கணக்கிட்டு, எத்தனை கட்டை என்று சின்னத் திரையில் காட்ட வேண்டும். நல்ல யோசனை. சால்டரிங் செய்த, பாட்டும் கற்றுக்கொண்ட பெண்ணின் யோசனை. ஆனால் ஜீரோத் ரிவ்யூவில் பேசியது டீம் லீடரான நம் நாலாவது ஆள். முதல் ஸ்லைடில் மனிதக் காது, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. அடுத்ததில் ஃபூரியர். அதற்கடுத்து 1965-ல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட எஃப்.எஃப்.டி. கணக்கு. ஃபூரியர் 1822-ல் வெளியிட்ட புத்தகமே வெப்பத்தைப் பற்றியது. நம் ஆளோ சால்டரிங் அயர்னின் சூடுகூடப் படாதவன்.

“இரைச்சல் வருமேப்பா, என்ன செய்வீங்க?”

“ஒரு ஃபில்டர் போட்டா போதும் சார்.”

“என்ன ஃபில்டர்?”

“நல்லதா பார்த்துப் போட்டுடலாம் சார்.”

முதல் ரிவ்யூவில் கருவி ‘ஐந்து கட்டை’ என்றது. யார் பாடினாலும் ஐந்து கட்டை. யாருமே பாடாவிட்டாலும் ஐந்து கட்டை. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் இரட்டிப்பான 100-உம் ரீங்காரமாக வயர் வழியே உள்ளே புகுந்துவிடும். ஐந்து கட்டை ஸட்ஜம் கீழ் ஸ்தாயியில் 98 ஹெர்ட்ஸ். ஆகக் கருவி பொய் சொல்லவில்லை, கரண்ட்டின் சுருதியைத்தான் சொன்னது. “ஃபில்டர் போட்டா போயிடும் சார்” என்றான். போட்டாச்சா என்றேன். “போடணும் சார்.”

அடுத்த சிக்கல் விசில். அவர்கள் வாங்கியிருந்த ஆர்டுயினோ ஊனோ வழக்கமான அமைப்பில் விநாடிக்குச் சுமார் 9,600 மாதிரிதான் எடுக்கும். அதில் பாதி, 4,800 ஹெர்ட்ஸ் வரைதான் அதன் பேச்சை நம்பலாம். 6,000 ஹெர்ட்ஸில் விசிலடித்தால் 3,600 என்று கூசாமல் காட்டும். இந்த உயர்ந்த அதிர்வெண்ணை, மாதிரி எடுப்பதற்கு முன்னாலேயே, மைக்குக்கும் போர்டுக்கும் நடுவில் தடுத்தாக வேண்டும். இவன் எல்லாம் முடிந்தபிறகு மேட்லாபில் ஃபில்டர் போடுகிறேன் என்றான். கல்லோடு சேர்த்து அரைத்த மாவில் கல் பொறுக்குகிற காரியம் அது. சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ரெண்டு ஃபில்டர் போட்டா சார்?” என்றான்.

லேபுக்கு வெளியிலும் இதே மருந்துதான். அரியர் பேப்பரா, சிலபஸை ஃபில்டர் பண்ணிப் படிக்கணும். நண்பனுக்குக் காதல் தோல்வியா, “அது தேவையில்லாத ஃப்ரீக்வென்சி மச்சான், கட் பண்ணிடு.”

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி மைக் மாட்யூலுக்குப் பேரம் பேசியவன் இவன்தான். போர்டு எரிந்துபோய் அந்தப் பெண் கண்கலங்கி நின்றபோது எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு, “விடு, வேற வாங்கிக்கலாம்” என்று சொந்தக் காசை எடுத்தவனும் இவன்தான். கோபித்துக்கொள்ள முடியாதபடி இப்படி எதையாவது செய்துவைத்துவிடுவான்.

வைவா அன்று வெளித்தேர்வாளர் வந்து உட்கார்ந்தார். கருவி ஐந்து கட்டை என்றது.

“ஃபேனை ஆஃப் பண்ணலாமா சார்?”

ஏப்ரல் வெயிலில் ஃபேனை நிறுத்தினோம். ஐந்து கட்டை. ட்யூப்லைட்டையும் அவனே அணைத்தான். அரையிருட்டில் வியர்த்து வழிந்தபடி எல்லோரும் திரையைப் பார்த்தோம். ஐந்து கட்டை. அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் அடாப்டரைப் பிடுங்கினாள், 9 வோல்ட் பேட்டரி ஒன்றை மாட்டினாள், மைக்கருகே குனிந்து ஸட்ஜம் பிடித்தாள். ஐந்தரை. அவளுடைய சுருதி அதுதான்.

தேர்வாளர் முகம் மலர்ந்தது. “வெரி குட். எப்படிச் சரி பண்ணீங்க?” என்று டீம் லீடரைப் பார்த்துக் கேட்டார்.

“ஃபில்டர் போட்டோம் சார்.”

நான்கு பேருக்கும் ஒரே மதிப்பெண். நாளை வேலைக்கான நேர்முகத்தில் இதே புராஜெக்ட்டைப் பற்றி அவன் அரைமணி நேரம் சரளமாகப் பேசுவான். விரலில் சூடுபட்ட தழும்புள்ளவள் இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொண்டு வந்துவிடுவாள். இதில் எனக்குச் சிரிக்க எதுவும் இல்லை. உழைத்தவள் வாய் திறக்காததால் வேலை இன்னொருவன் பெயருக்குப் போவதை நாங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பிவைக்கிறோம்.

வெளித்தேர்வாளராக வருகிற நண்பர்களே, முன்னால் வந்து நிற்பவனிடம் முதல் கேள்வியைக் கேட்காதீர்கள். போர்டைக் கையில் பிடித்திருப்பவரிடம் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை டீம் லீடரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லுங்கள்.